விலை, சம்பளம், அரசு: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஊதிய ஒப்பந்தப் பேச்சுவார்த்தைகளுக்குத் தொழிலாளர் தரப்பில் கணக்குத் தயாரித்துக் கொடுப்பது பல ஆண்டுகளாக என் வேலை. கூட்டம் முடிந்து நாற்காலிகளை அடுக்கும் நேரத்தில்தான் உண்மையான கேள்விகள் வரும். எல்லார் முன்னாலும் கேட்கக் கூச்சப்பட்டவர்கள் அப்போது அருகில் வந்து நிற்பார்கள். அவர்கள் கேட்டவற்றை இங்கே தொகுத்திருக்கிறேன். நான் எந்தத் தரப்பில் உட்காருகிறவன் என்பதைச் சொல்லிவிட்டேன். அதை மனத்தில் வைத்துக்கொண்டே படியுங்கள்.

1. பணவீக்கம் என்றால் விலைவாசி உயர்வுதானே? அதற்கு எதற்குத் தனிப்பெயர்?

ஏறக்குறைய அதுதான். ஆனால் ஒரே ஒரு பொருள் விலை ஏறினால் அது பணவீக்கம் ஆகாது. விளைச்சல் கெட்டு ஒரு தானியம் ஏறலாம். அதே மாதம் வேறொன்று இறங்கலாம். பொருள்கள், வாடகை, கட்டணம், கூலி என்று பெரும்பாலானவை சேர்ந்து தொடர்ந்து ஏறும்போது, ஒவ்வொரு பொருளுக்கும் தனித்தனிக் காரணம் தேடுவதில் பயன் இல்லை. கையில் இருக்கும் பணத்தின் வாங்கும் சக்தி தேய்கிறது. அந்தத் தேய்மானத்துக்குத்தான் அந்தப் பெயர்.

2. பணவீக்கம் குறைந்துவிட்டது என்று செய்தியில் சொல்கிறார்கள். எந்த விலையும் குறையவில்லையே, பொய் சொல்கிறார்களா?

இந்தத் தொகுப்பை எழுத வைத்ததே இந்தக் கேள்விதான். பொய் இல்லை, சொல்தான் குழப்புகிறது. பணவீக்கம் என்பது விலை ஏறுகிற வேகம். மணிக்கு 80 கிலோமீட்டரில் போன வண்டி 30க்குக் குறைந்தால் அது பின்னோக்கி வரத் தொடங்கிவிட்டது என்று யாரும் நினைப்பதில்லை.

விலை மட்டம் 100இல் இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். முதல் ஆண்டு 10 சதவீதம் ஏறி 110 ஆகிறது. அடுத்த ஆண்டு 3 சதவீதம் ஏறி 113.3 ஆகிறது. செய்தியில் வருவது "10இலிருந்து 3 ஆகக் குறைந்தது" என்பது. நீங்கள் கடையில் கொடுப்பது 113.3. ஏறிய அந்தப் 13 சொச்சம் அங்கேயே நிற்கும், சாதாரணமாக இறங்காது. அமெரிக்காவில் 2022 ஜூனில் 9.1 சதவீதமும் பிரிட்டனில் அதே ஆண்டு அக்டோபரில் 11.1 சதவீதமும் பதிவாயின. இரண்டுமே ஏறத்தாழ 40 ஆண்டுகளில் காணாத உயரம். பிறகு வேகம் தணிந்தது. விலைகள் பழைய இடத்துக்குத் திரும்பவில்லை.

பேச்சுவார்த்தையில் இந்தக் குழப்பம் எதிர்த்தரப்புக்கு நன்றாகப் பயன்படும். "இப்போது பணவீக்கம் 3தானே, நாங்கள் 4 தருகிறோம்" என்று பெருந்தன்மையோடு தொடங்குவார்கள். அதற்கு முந்தைய ஆண்டின் 10 எங்கே என்று கேட்பதுதான் நம் வேலை.

3. அந்த எண்ணை யார் போடுகிறார்கள்? என் வீட்டுச் செலவு அதைவிட அதிகமாக ஏறியிருக்கிறது.

அரசின் புள்ளியியல் அலுவலகம் போடுகிறது. குடும்பங்கள் எதற்கு எவ்வளவு செலவிடுகின்றன என்று ஆய்வு நடத்தி, பொருள்களையும் சேவைகளையும் கொண்ட ஒரு கூடையை உருவாக்குகிறார்கள். ஒவ்வொன்றுக்கும் செலவில் அதன் பங்குக்கு ஏற்ப எடை தருகிறார்கள். மாதந்தோறும் அந்தக் கூடைக்கு விலை விசாரிக்கிறார்கள். இதுதான் நுகர்வோர் விலைக் குறியீட்டெண்.

உங்கள் வீடு அந்தக் கூடை இல்லை. எடைகள் மொத்தச் செலவிலிருந்து பிறப்பதால், அதிகம் செலவிடும் வீடுகளின் சாயல் அதில் தூக்கலாக இருக்கும். வருமானம் குறைந்த வீட்டில் உணவும் வாடகையும் எரிபொருளும் செலவின் பெரும்பகுதியைத் தின்றுவிடும். அவை முன்னால் ஓடும்போது அந்த வீட்டின் பணவீக்கம் அறிவிக்கப்பட்டதைவிட உண்மையிலேயே அதிகம். ஆனால் நம் நினைவும் நடுநிலையானது இல்லை. தினம் வாங்குவதன் ஏற்றம் உறைக்கிறது. ஐந்தாண்டுக்கு ஒருமுறை வாங்கும் கருவி மலிவானது நினைவில் நிற்பதில்லை.

எண்ணில் கைவைப்பதும் நடந்திருக்கிறது. அர்ஜென்டினாவின் புள்ளிவிவரங்கள் நம்பத்தக்கனவாக இல்லை என்று 2013இல் சர்வதேச நாணய நிதியம் அந்த நாட்டை வெளிப்படையாகக் கண்டித்தது. அதற்காக எல்லா நாட்டு எண்களையும் குப்பையில் போடத் தேவையில்லை.

4. எனக்கு 6 சதவீதம் உயர்வு, பணவீக்கம் 5. ஒரு சதவீதமாவது லாபம்தானே?

106ஐ 105ஆல் வகுத்தால் ஒரு சதவீதத்துக்குச் சற்றுக் குறைவு. அதுதான் உங்கள் மெய் ஊதியத்தில் கூடியது. ஆனால் வருமான வரி அடுக்குகளை அரசு விலைவாசிக்கு ஏற்ப நகர்த்தாமல் விட்டிருந்தால், உயர்ந்த சம்பளம் உங்களை மேல் அடுக்குக்குத் தள்ளி அந்த ஒன்றையும் வரியாகக் கொண்டுபோகலாம். சட்டசபையில் ஒரு வார்த்தை பேசாமல், ஒரு கையெழுத்தும் இல்லாமல் நடக்கும் வரி உயர்வு இது. நிதியமைச்சர்களுக்கு இது பிடிக்கும்.

5. அரசு நோட்டு அச்சடிப்பதால்தான் விலை ஏறுகிறது, இல்லையா?

சில சமயம் அதேதான். 1923 நவம்பரில் ஒரு டாலருக்கு 4.2 லட்சம் கோடி ஜெர்மன் மார்க் தரவேண்டியிருந்தது. 1946 ஜூலையில் ஹங்கேரியில் விலைகள் சுமார் 15 மணி நேரத்துக்கு ஒருமுறை இரட்டித்தன. ஜிம்பாப்வே 2009இன் தொடக்கத்தில் 100 லட்சம் கோடி டாலர் நோட்டு வெளியிட்டது. மூன்று கதைகளிலும் பொதுவான ஒன்று உண்டு: உற்பத்தி நொறுங்கிப் போயிருந்தது, வரி வசூலாகவில்லை, செலவை மட்டும் நிறுத்த முடியவில்லை. அச்சகம் கடைசியில் வந்தது.

எதிர்க்கதையும் இருக்கிறது. 2008 நெருக்கடிக்குப் பின் அமெரிக்க மத்திய வங்கி உருவாக்கிய பணத்தைப் பார்த்துப் பெரும் பணவீக்கம் வரும் என்று பலர் எச்சரித்தார்கள். வரவில்லை. ஜப்பான் பல ஆண்டுகள் அதே வழியில் முயன்றும் தன் 2 சதவீதப் பணவீக்க இலக்கை எட்டத் திணறியது. உருவான பணத்தின் பெரும்பகுதி வங்கிகளின் இருப்பாகவே தங்கிவிட்டது. பணம் செலவாக வேண்டும். அந்தச் செலவுக்கு ஈடாகப் பொருளைக் கூட்ட முடியாத நிலையும் வேண்டும். அப்போதுதான் விலை எகிறும்.

நோட்டுக்குச் சம்பந்தமே இல்லாமலும் தொடங்கும். 1973 இறுதியில் தொடங்கிய எண்ணெய் நெருக்கடியில் சில மாதங்களில் கச்சா எண்ணெய் விலை ஏறத்தாழ நான்கு மடங்கானது. எண்ணெய் தொடாத தொழில் எது?

6. மத்திய வங்கியும் அரசும் ஒன்றுதானே? ஒருவர்மேல் ஒருவர் பழி போடுவது நாடகமா?

உரிமையாளர் ஒருவரே ஆனாலும் பொறுப்புகள் வேறு. வரி விதிப்பது, செலவிடுவது, ஊதியச் சட்டம் இயற்றுவது அரசு. வட்டி விகிதத்தை வைப்பது மத்திய வங்கி. தேர்தலுக்கு முன் மலிவான கடன் எந்த அரசுக்கும் இனிக்கும் என்பதால், வட்டியை அரசியலின் கைக்கு எட்டாத இடத்தில் வைக்கும் வழக்கம் பரவியது. நியூசிலாந்து 1989இல் இயற்றிய சட்டம் இதற்கு முன்மாதிரி. பணவீக்க இலக்கை எழுதிவைத்து மத்திய வங்கியைப் பொறுப்பாக்கியது. பிரிட்டன் 1997இல் வட்டி அதிகாரத்தைத் தன் மத்திய வங்கியிடம் விட்டது.

எட்டினால் என்ன ஆகும் என்பதற்குத் துருக்கி. 2021 செப்டம்பரிலிருந்து அங்கே பணவீக்கம் ஏற ஏற, அதிபரின் விருப்பப்படி வட்டியைக் குறைத்துக்கொண்டே போனார்கள். 2022 அக்டோபரில் அரசுக் கணக்கிலேயே பணவீக்கம் 85 சதவீதத்தைத் தாண்டியது. பின்னர் திசை திரும்பி, 2024 மார்ச்சில் கொள்கை வட்டி 50 சதவீதத்துக்குப் போனது.

பழி போடுவதில் கொஞ்சம் நாடகமும் உண்டு. வேலையிழப்புக்கான திட்டை வாங்கிக்கொள்ளத் தேர்தலில் நிற்காத ஒருவர் இருப்பது அமைச்சர்களுக்கு வசதி.

7. வட்டியை ஏற்றினால் விலை எப்படிக் குறையும்? கடன் வாங்கித் தொழில் செய்பவர் அந்தச் செலவையும் விலையில் ஏற்றத்தானே செய்வார்?

கூர்மையான கேள்வி. அவர் ஏற்றப் பார்ப்பார் என்பது உண்மை. ஆனால் அதே வட்டி, வாங்க வருபவரின் கையையும் கட்டுகிறது. வீட்டுக் கடன் தவணை கூடுகிறது, புதிய இயந்திரம் வாங்கும் திட்டம் தள்ளிப்போகிறது, கட்டுமானம் நிற்கிறது. வாங்குவோர் குறைந்தபின் விலையை ஏற்ற நினைப்பவர் சரக்கோடு உட்கார்ந்திருக்க வேண்டியதுதான். இந்த இரண்டாவது விளைவு மெதுவாக வந்தாலும் முதலாவதைவிடப் பெரியது.

எப்படி வருகிறது என்பதை யாரும் சுற்றி வளைத்துச் சொல்லக் கூடாது. 1979 ஆகஸ்டில் பால் வோல்க்கர் அமெரிக்க மத்திய வங்கியின் தலைவரானார். அடுத்த ஆண்டு பணவீக்கம் 14 சதவீதத்துக்கு மேல் போயிற்று. 1981இல் வட்டி 20 சதவீதத்தை ஒட்டி நின்றது. 1983இல் பணவீக்கம் சுமார் 3 சதவீதத்துக்கு வந்துவிட்டது. மருந்து வேலை செய்தது என்று பாடநூல்கள் சொல்லும். இடையில் 1982 இறுதியில் வேலையின்மை 10.8 சதவீதம். அந்த மருந்தை விழுங்கியவர்கள் வேலையிழந்த அந்த லட்சக்கணக்கானோர்தான். அவர்களிடம் யாரும் கேட்டுவிட்டுக் கொடுக்கவில்லை.

8. அப்படியானால் விலையை ஏற்றக் கூடாது என்று நேரடியாகச் சட்டம் போட்டுவிடலாமே?

1,700 ஆண்டுகளாகப் போட்டுப் பார்க்கிறார்கள். ரோமப் பேரரசர் டயோக்ளீசியன் 301ஆம் ஆண்டு ஆயிரத்துக்கும் மேற்பட்ட பொருள்களுக்கு உச்ச விலை அறிவித்தார்; மீறினால் மரணம். சரக்கு சந்தையிலிருந்து மறைந்தது. பலரும் கவனிக்காத ஒரு செய்தி, அதே ஆணையில் கூலிகளுக்கும் உச்ச வரம்பு இருந்தது என்பது. 1971 ஆகஸ்ட் 15 அன்று அமெரிக்க அதிபர் நிக்சன் விலையையும் ஊதியத்தையும் 90 நாள் உறைய வைத்தார். தொடக்கத்தில் மக்களிடம் நல்ல வரவேற்பு. கட்டுப்பாடுகள் படிப்படியாக 1974 வரை இழுத்தன. அவிழ்த்தபோது, எண்ணெய் நெருக்கடியும் சேர்ந்து, அடக்கி வைத்த ஏற்றமெல்லாம் பீறிட்டது.

ஆனால் "விலைக் கட்டுப்பாடு எங்கும் எப்போதும் தோற்கும்" என்ற வாய்ப்பாடும் சரியில்லை. 1984இல் இஸ்ரேலில் பணவீக்கம் 400 சதவீதத்தைத் தாண்டியது. 1985 ஜூலையில் அரசு விலைகளை உறைய வைத்தது. கூடவே தன் பட்ஜெட் பற்றாக்குறையைக் கடுமையாக வெட்டியது, நாணய மதிப்பை நிலைநிறுத்தியது, தொழிற்சங்கக் கூட்டமைப்போடு ஊதிய உடன்பாடு செய்தது. ஓராண்டுக்குள் பணவீக்கம் சுமார் 20 சதவீதம். உடைந்த காலுக்குக் கட்டுப் போடுவது போலத்தான் இது. எலும்பைச் சேர்த்துவைத்தபின் கட்டினால் உதவும். சேர்க்காமல் கட்டினால் கோணலாகவே ஒட்டும்.

மூன்றாவது வழி, விலையைத் தடுத்து மீதியை அரசே கொடுப்பது. 2022இல் பிரான்ஸ் வீட்டு மின்கட்டண உயர்வை 4 சதவீதத்தில் நிறுத்தியது. செலவு மறையவில்லை, கட்டண ரசீதிலிருந்து அரசு கஜானாவுக்கு இடம் மாறியது.

9. "சம்பளத்தை ஏற்றினால் விலை ஏறும், உங்கள் நன்மைக்காகத்தான் ஏற்றவில்லை" என்கிறார் எங்கள் நிர்வாகி. இதில் எவ்வளவு உண்மை?

பாதி. ஒரு பொருளின் செலவு 100, அதில் சம்பளம் 30 என்றால், சம்பளம் 10 சதவீதம் ஏறும்போது செலவு 103 ஆகிறது. முழுவதையும் விலையில் ஏற்றினாலும் 3 சதவீதம்தான். அதோடு, ஒரு மணி நேரத்தில் முன்பு 100 செய்தவர் இன்று 103 செய்கிறார் என்றால் முதல் 3 சதவீத ஊதிய உயர்வுக்கு விலை ஏறவே தேவையில்லை. உற்பத்தித்திறன் பற்றிய இந்தக் கணக்கை நிர்வாகம் தானாக எடுத்துவைக்காது; நாம்தான் கேட்டு வாங்க வேண்டும்.

நியாயமான மறுப்பையும் சொல்லிவிடுகிறேன். மீதி 70இல் இருக்கும் மூலப்பொருளும் போக்குவரத்தும் வேறு யாரோ செய்த உழைப்புதான். எல்லா நிறுவனங்களிலும் ஒரே சமயத்தில் 10 சதவீதம் ஏறினால் அந்த 70உம் ஏறும். ஒரு தொழிற்சாலைக்குப் பொருந்தும் கணக்கு நாடு முழுவதுக்கும் அப்படியே பொருந்தாது. சம்பளமும் விலையும் ஒன்றையொன்று துரத்தும் சுழல் கற்பனை இல்லை. 1970களின் பிரிட்டன் அதில் சிக்கியது. 1975இல் அங்கே பணவீக்கம் 20 சதவீதத்தை நன்றாகத் தாண்டிவிட்டது. தொழிற்சங்கங்களின் சம்மதத்தோடு ஊதிய உயர்வு வாரத்துக்கு 6 பவுண்டு என்று கட்டப்பட்டது. பணவீக்கம் இறங்கியது. ஆனால் 1978இல் அரசு 5 சதவீத வரம்பை விடாப்பிடியாக நீட்டியபோது சங்கங்களின் பொறுமை தீர்ந்தது. அந்தக் குளிர்காலம் முழுவதும் வேலைநிறுத்தம். ஆட்சியும் போயிற்று.

ஆகவே நான் எப்போதும் கேட்கும் கேள்வி, யார் முதலில் அசைந்தார்கள் என்பது. 2021இலும் 2022இலும் பெரும்பாலான பணக்கார நாடுகளில் விலைகள் முன்னே ஓடின, சம்பளம் மூச்சிரைக்கப் பின்னால் வந்தது, மெய் ஊதியம் விழுந்தது. பின்னால் வருகிறவரைப் பார்த்து "நீ துரத்துவதால்தான் அவன் ஓடுகிறான்" என்று சொல்வது வேடிக்கை.

10. அப்படியானால் நிறுவனங்களின் பேராசைதான் காரணம் என்று அடித்துச் சொல்லிவிடலாமா?

மேடைக்கு நன்றாக இருக்கும். ஆனால் பணவீக்கம் ஒன்றரை சதவீதமாக இருந்த ஆண்டுகளிலும் அவர்கள் துறவிகளாக இருக்கவில்லை. பேராசை மாறாதது, வாய்ப்புதான் மாறுகிறது. எல்லா விலையும் ஏறும் சமயத்தில் ஒரு நிறுவனம் செலவைவிடக் கூடுதலாக ஏற்றினால் வாடிக்கையாளருக்குத் தெரிவதில்லை, போட்டியாளரும் அதையே செய்வதால் ஆள் நகர்வதில்லை. 2022ஐ ஒட்டிய இரண்டு ஆண்டுகளில் ஐரோப்பாவின் விலையேற்றத்தில் ஏறத்தாழ பாதி லாப உயர்வோடு சேர்ந்தது என்று சர்வதேச நாணய நிதியத்தின் ஆய்வாளர்களே 2023இல் கணக்கிட்டார்கள். தொழிற்சங்கக்காரர்கள் போட்ட கணக்கு அல்ல என்பதால் நான் அதைப் பேச்சுவார்த்தை மேசையில் அடிக்கடி எடுத்துவைப்பதுண்டு.

11. விலை ஏறும்போதெல்லாம் சம்பளமும் தானாக ஏறும்படி சட்டம் போட்டால் தகராறே இல்லையே?

அகவிலைப்படி என்ற பெயரில் இது பல இடங்களில் அரைகுறையாக உண்டு. பெல்ஜியத்திலும் லக்ஸம்பர்க்கிலும் பெரும்பாலான ஊழியர்களுக்கு இன்றும் முழுமையாக இருக்கிறது. இத்தாலியில் இருந்தது, நகரும் படிக்கட்டு என்ற பொருள்படும் பெயர் அதற்கு. 1975இல் அதைப் பலப்படுத்தினார்கள். 1980இல் பணவீக்கம் 20 சதவீதத்தைத் தாண்டியது. 1984இல் அரசு படிக்கட்டின் சில படிகளை வெட்டியது. அதை எதிர்த்து 1985இல் நடந்த பொது வாக்கெடுப்பு தோற்றது. 1992இல் ஏற்பாடே கைவிடப்பட்டது.

சிக்கல் இங்கேதான்: வெளிநாட்டிலிருந்து வாங்கும் எரிபொருள் நான்கு மடங்கானால் நாடு முழுவதுமே அந்த அளவுக்கு ஏழையாகிவிடுகிறது. அந்த இழப்பை யாராவது சுமந்தாக வேண்டும். எல்லாருக்கும் முழு ஈடு தருவேன் என்று சட்டம் சொன்னால், ஒவ்வொருவரும் தன் சுமையை அடுத்தவர்மேல் தள்ளிக்கொண்டே போவார்கள். அந்தத் தள்ளுமுள்ளுதான் விலையாகத் தெரிகிறது. படி கிடைக்காத முறைசாராத் தொழிலாளரிடம் வந்துதான் கடைசியில் அது நிற்கும். என் அபிப்பிராயம்: கீழ்நிலைச் சம்பளங்களுக்கு முழு ஈடும், மேலே போகப்போகக் குறைவான ஈடும் நியாயம். எங்கள் சங்கத்திலேயே இதை ஒப்புக்கொள்ளாதவர்கள் பலர்.

12. குறைந்தபட்ச ஊதியத்தை உயர்த்தினால் வேலை போய்விடும் என்று சொல்கிறார்களே?

ஊதியத்தில் அரசு தலையிடுவது நவீனப் பழக்கம் என்று நினைப்பவர்களுக்கு 1351ஐ நினைவூட்டுவேன். கொள்ளைநோயில் ஏராளமானோர் இறந்து கூலியாட்களுக்குத் தட்டுப்பாடு வந்தபோது, இங்கிலாந்து நாடாளுமன்றம் கூலியை நோய்க்கு முந்தைய அளவிலேயே நிறுத்தச் சட்டம் போட்டது. குறைந்தபட்சம் என்ற தரைக்கு முன்பே உச்ச வரம்பு என்ற கூரை போட்டாயிற்று. தரை 1894இல் நியூசிலாந்தின் சட்டத்தோடு தொடங்கியது என்பார்கள். அமெரிக்கா 1938, பிரிட்டன் 1999, ஜெர்மனி 2015.

வேலை போகுமா? 1992 ஏப்ரலில் அமெரிக்காவின் நியூ ஜெர்சி மாநிலம் குறைந்தபட்ச ஊதியத்தை மணிக்கு 4.25 டாலரிலிருந்து 5.05 ஆக உயர்த்தியது. அண்டையில் உள்ள பென்சில்வேனியா உயர்த்தவில்லை. டேவிட் கார்டு, ஆலன் க்ரூகர் என்ற பொருளாதார அறிஞர்கள் இருவரும் எல்லையின் இருபுறமும் துரித உணவகங்களை ஒப்பிட்டார்கள். உயர்த்திய பக்கத்தில் வேலை குறையவில்லை. பெரும் சர்ச்சை எழுந்தது. கார்டுக்கு 2021இல் நோபல் பரிசும் வந்தது. ஒரு பகுதியில் வேலை தருபவர்கள் ஓரிருவர் என்றால், அவர்கள் வைத்ததே கூலி. அங்கே சட்டம் கூலியை உயர்த்தினால் ஆட்குறைப்பு அவசியமில்லை என்பது ஒரு விளக்கம். இதற்கு எல்லை உண்டு. நடுத்தரச் சம்பளத்துக்கு மேலே குறைந்தபட்சத்தை வைத்தால் நிச்சயம் கடைகள் மூடும்.

ஏற்றாமல் விடுவதும் ஒரு முடிவுதான். அமெரிக்க மத்திய அரசின் குறைந்தபட்சம் 2009 ஜூலையில் 7.25 டாலர் ஆனது. அடுத்த 15 ஆண்டுகளில் அங்கே விலைவாசி 40 சதவீதத்துக்கும் மேல் ஏறியது. அந்த எண் அசையவில்லை. யாரும் வாக்களிக்காமல் நடந்த ஊதிய வெட்டு.

13. வேலையின்மை குறைந்தால் பணவீக்கம் கூடும் என்பது இயற்கை விதியா?

1958இல் வில்லியம் ஃபிலிப்ஸ் என்ற பொருளாதார அறிஞர் பிரிட்டனின் 1861 முதல் 1957 வரையான விவரங்களைக் கோட்டில் வரைந்தார். வேலையின்மை குறைந்த ஆண்டுகளில் கூலி வேகமாக ஏறியிருந்தது. வேண்டிய புள்ளியைத் தேர்ந்துகொள்ளலாம் என்று பலர் அதை விலைப்பட்டியல்போலப் படித்தார்கள். மக்கள் விலையேற்றத்தை எதிர்பார்க்கத் தொடங்கியதும் அந்தக் கோடு இடம் பெயர்ந்துவிடும் என்று மில்டன் ஃபிரீட்மனும் எட்மண்ட் ஃபெல்ப்ஸும் 1960களின் இறுதியில் சொன்னார்கள். 1970களில் வேலையின்மையும் பணவீக்கமும் கைகோத்து ஏறின. போக்கு உண்டு, விதி இல்லை.

14. பல மத்திய வங்கிகளின் பணவீக்க இலக்கு ஏன் 2 சதவீதம்? பூஜ்யமாக வைத்தால் என்ன? விலை இறங்கினால் இன்னும் நல்லதுதானே?

விலை இறங்குவது ஒரு பொருளுக்கு நடந்தால் நல்லது. எல்லாவற்றுக்கும் நடந்தால் அது பணவாட்டம். 1929க்கும் 1933க்கும் இடையில் அமெரிக்காவில் விலைவாசி சுமார் கால்பங்கு இறங்கியது. வேலையில்லாதோரும் நாலில் ஒருவர் ஆனார்கள். சம்பளமும் விலையும் இறங்க, கடன் மட்டும் எழுதிய எண்ணிலேயே நிற்கும். அதே கடனை அடைக்க முன்பைவிட அதிகம் உழைக்க வேண்டும்.

இன்னொரு காரணம் சம்பளத்தைச் சார்ந்தது. சம்பளத்தை 2 சதவீதம் வெட்டினால் ஊழியர் கொதிப்பார். 2 சதவீதப் பணவீக்கத்தில் சம்பளத்தை அப்படியே வைத்தால் முணுமுணுப்போடு முடியும். விளைவு ஒன்றே. அந்த மறைவுக்கு இடம் விடத்தான் கொஞ்சம் பணவீக்கம் வேண்டும் என்கிறார்கள். தொழிலாளர் தரப்பில் உட்காருகிறவனுக்கு இந்த வாதம் உவப்பாக இருக்காது, ஆனால் நேர்மையானது. மற்றபடி 2 என்ற எண்ணில் தெய்வீகம் ஏதுமில்லை. நியூசிலாந்து 0 முதல் 2 வரை என்று தொடங்கியது. இந்தியா 2016இல் 4ஐ நடுவில் வைத்து இருபுறமும் 2 விட்டது.

15. பணவீக்கத்தால் அரசுக்கு லாபம் என்கிறார்களே. வேண்டுமென்றே விட்டுவைக்கிறார்களா?

கடன் வாங்கியவர் எல்லாருக்கும் லாபம், தேய்ந்த பணத்தில் அடைக்கிறார்கள். பெரிய அளவில் கடன் வாங்கியிருப்பது அரசு. இரண்டாம் உலகப்போர் முடிந்தபோது அமெரிக்க அரசின் கடன் நாட்டின் ஓராண்டு உற்பத்தியைவிட அதிகம். 1970களின் நடுவில் அது கால்பங்கு அளவுக்குச் சுருங்கியிருந்தது. பொருளாதாரம் வளர்ந்தது முக்கியக் காரணம். வட்டியைத் தாழ்வாகப் பிடித்துவைத்ததும் பணவீக்கம் கடன் பத்திரங்களின் மதிப்பைக் கரைத்ததும் உடன் உதவின. பத்திரத்தில் சேமித்தவர்கள் சத்தமில்லாமல் அந்தக் கடனில் ஒரு பகுதியை அடைத்தார்கள்.

இதைத் தொடர்ந்து செய்ய முடியாது. ஏமாந்த சேமிப்பாளர் அடுத்த முறை அதிக வட்டி கேட்பார். 4ஆம் கேள்வியில் சொன்ன வரி அடுக்கு விவகாரத்தையும் சேர்த்துக்கொள்ளுங்கள். சதி என்பதைவிட, அவசரப்படாமல் இருக்க அரசுக்குக் காரணம் இருக்கிறது என்று சொல்வேன்.

16. அரசு எதிலும் கை வைக்காமல் ஒதுங்கியிருந்தால் எல்லாம் தானாகச் சரியாகிவிடாதா?

ஒதுங்கி நிற்க இடம் எங்கே? பணமே அரசு வெளியிடுவது. ஒப்பந்தம், கடன், சங்கம் அமைக்கும் உரிமை எல்லாம் சட்டத்தின்மேல் நிற்கின்றன. பல நாடுகளில் மிகப் பெரிய முதலாளியும் அரசுதான். தன் ஊழியர் சம்பளத்தை அது உறைய வைத்தால் வெளியே உள்ள முதலாளிகளும் அதையே காட்டுவார்கள்.

தங்கத்தோடு பணத்தைக் கட்டிவிட்டு அரசு விலகிக்கொள்ளலாம் என்பவர்களுக்கு 1925இன் பிரிட்டனைக் காட்டுவேன். போருக்கு முந்தைய அதே விகிதத்தில் பவுண்டைத் தங்கத்தோடு மீண்டும் கட்டினார்கள். பவுண்டின் மதிப்பு மிகையாக நின்றதால் ஏற்றுமதி விலை போகவில்லை. ஈடுகட்டச் சம்பளத்தை இறக்க வேண்டும் என்று நிலக்கரிச் சுரங்க முதலாளிகள் நின்றார்கள். 1926இல் நாடு தழுவிய பொது வேலைநிறுத்தம் நடந்தது. தலையிடாமை என்று பெயரிட்ட அந்த முடிவின் சுமை சுரங்கத் தொழிலாளியின் முதுகில் இறங்கியது.

17. எங்கள் பேச்சுவார்த்தை அடுத்த மாதம். இதையெல்லாம் வைத்துக்கொண்டு நான் என்ன கேட்பது?

கடைசி ஒப்பந்தம் கையெழுத்தான மாதத்தின் விலைக் குறியீட்டெண்ணையும் இன்றைய குறியீட்டெண்ணையும் எடுத்து, பின்னதை முன்னதால் வகுத்துக்கொள்ளுங்கள். ஆண்டு விகிதங்களைத் தனித்தனியே பேச விடாதீர்கள்; 2ஆம் கேள்வியின் பொறி அங்கேதான் இருக்கிறது. அதே காலத்தில் நிறுவனத்தின் ஆளுக்கு உற்பத்தி எவ்வளவு கூடியது என்று கேளுங்கள். தர மறுத்தால் மறுத்ததைக் கூட்டக் குறிப்பில் எழுதச் சொல்லுங்கள். இரண்டு ஆண்டுக்கு மேற்பட்ட ஒப்பந்தம் என்றால், குறியீட்டெண் இன்ன அளவைத் தாண்டினால் ஊதியப் பகுதியை மட்டும் மீண்டும் பேசலாம் என்ற ஒரு வரியைச் சேர்க்கப் பாருங்கள். முதல் நாளே அந்த வரியைக் கேட்டுவிடுங்கள். கடைசி நாள் இரவில் எல்லாரும் களைத்திருக்கும்போது முதலில் விட்டுக்கொடுக்கப்படுவது அதுதான். நானே இருமுறை விட்டிருக்கிறேன்.